விதைப் பைக்கற்றில் அடைபடுவது என்ன?

மிளகாய் விதைப் பைக்கற்று ஒன்றைப் பிரித்துப் பாதியைச் சாடியில் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் முளை தெரிகிறது. மீதியைப் பைக்கற்றோடு மடித்துச் சமையலறைத் தட்டில் வைத்து, அடுத்த போகத்துக்கு எடுத்துப் போட்டால் மண் அப்படியே கிடக்கிறது. விதையும் சாடியும் மாறவில்லை. தண்ணீர் விட்டதிலும் குறையில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீட்டுப் பல்கனியில் நாலு சாடி வைத்திருக்கும் எவருக்கும் இது புதிய அனுபவமல்ல. இதோடு சேர்ந்து எழும் கேள்வி ஒன்றும் உண்டு. செத்தல் மிளகாய்ப் போத்தலின் அடியில் ஒரு கைப்பிடி விதை சும்மா கிடக்கும்போது, நாலைந்து கிராம் விதையைக் காசு கொடுத்து வாங்குவது ஏன்?

இரண்டு கேள்விகளுக்கும் விடை, வயலிலிருந்து கடைக்கு விதை வரும் வழியில் கிடைக்கிறது. மிளகாய் விதையையே உதாரணமாக வைத்துக்கொண்டு அந்த வழியை இந்த அத்தியாயம் தொடர்ந்து செல்கிறது.

செத்தல் மிளகாயும் விதை மிளகாயும்

செத்தல் மிளகாய் சமையலுக்கென்று காயவைக்கப்படுவது. நிறமும் உறைப்பும் கெடாமல் இருந்தால் அதைச் செய்தவரின் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் விதை உயிரோடு இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. பழம் கொதிக்கும் தரையில் நாட்கணக்காக வெயிலில் கிடக்கிறது. பிறகு மூட்டையில் அழுத்திக் கட்டப்பட்டு, களஞ்சியத்தில் மாதக்கணக்காக இருந்து, கப்பலேறி வருகிறது. இலங்கையில் விற்பனையாகும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் இறங்கும் ஒரு மூட்டைக்குள் பல வயல்களின், பல வர்க்கங்களின் காய்கள் கலந்திருக்கக்கூடும்.

அந்த விதையிலும் சில முளைக்கும். எத்தனை முளைக்கும், முளைத்தது என்ன காய் காய்க்கும் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. விதை விற்பவர் வாங்குபவருக்குத் தரும் வாக்குறுதி இந்த இரண்டையும் பற்றியதுதான். முதலாவது பெயர்: முளைப்பது இன்ன வர்க்கம். இரண்டாவது எண்: நூறு விதை போட்டால் இத்தனை முளைக்கும். பெயரைக் காக்கும் வேலை வயலில் நடக்கிறது. எண்ணைக் காக்கும் வேலை அறுவடைக்குப் பின் தொடங்கி, வாங்குபவரின் வீடு வரை நீள்கிறது.

பெயரைக் காக்கும் வயல்

இலங்கையில் மிளகாய் ஆராய்ச்சியின் மையம் அநுராதபுர மாவட்டத்தின் மகா இலுப்பள்ளம. விவசாயத் திணைக்களத்தின் வயற்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. எம்.ஐ.-2 போன்ற வர்க்கப் பெயர்களில் உள்ள ‘எம்.ஐ.’ அந்த ஊரின் சுருக்கம். இப்படி இடத்தின் பெயரைத் தாங்கிய வர்க்கங்கள் வேறும் உண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பேச்சுவழக்குப் பெயரான ‘தின்னவேலி’, ஒரு ஊதாக் கத்தரிக்கும் ஒரு வெள்ளைப் பாகலுக்கும் பெயராக நிலைத்திருக்கிறது.

ஒரு வர்க்கத்தை உருவாக்கியவர்களிடம் தொடக்கத்தில் இருப்பது கையளவு விதை. அதை நாடு முழுவதற்கும் போதுமான அளவுக்குப் பெருக்க வேண்டும். பெருக்கும்போது கலப்படம் நுழையவும் கூடாது. இதற்காகவே விதை நான்கு படிகளில் பெருக்கப்படுகிறது. உருவாக்கியவரின் நேரடிப் பொறுப்பில் விளைவது வளர்ப்பாளர் விதை. அதிலிருந்து அடிப்படை விதை, அதிலிருந்து பதிவு செய்யப்பட்ட விதை, அதிலிருந்து அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதை, அதாவது சான்று விதை. ஒவ்வொரு படியிலும் விதையின் அளவு பல மடங்கு கூடுகிறது. கடைசிப் படியில் பிழை கண்டால் முந்திய படியின் சுத்தமான விதைக்குத் திரும்பலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் பயன்.

மிளகாயில் கலப்பு எளிதாக நேரும். மிளகாய்ப் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாகவே இருப்பதால் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே அது காய்க்கிறது. ஆயினும் தேனீயும் சிறு பூச்சிகளும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். உறைப்பு மிளகாயும் கறிமிளகாயும் ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்பதால் அவை தமக்குள் தாராளமாகக் கலக்கும். அதனால் விதைக்கென்று மிளகாய் போடும் வயலுக்கும் வேறு மிளகாய் வயலுக்கும் இடையே வெறும் தூரம் விடப்படுகிறது. இதை விலக்குத் தூரம் எனலாம். இந்தியாவின் விதைச் சான்று நியமங்கள் சான்று விதை மிளகாய்க்கு 200 மீற்றரும், அடிப்படை விதைக்கு 400 மீற்றரும் கேட்கின்றன. தன் மகரந்தத்தையே மிக அதிகமாக நம்பும் தக்காளிக்கு 25 மீற்றரும் 50 மீற்றரும் போதும்.

கலப்பு நேர்ந்தால் அது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. காயின் சதையும் தோலும் தாய்ச் செடியின் உடல். அதனால் காய் வழக்கம்போலவே இருக்கும். கலந்தது விதைக்குள் இருக்கிறது. அந்த விதை முளைத்து, வளர்ந்து, காய்க்கும் அடுத்த போகத்தில்தான் குட்டு வெளிப்படும். வாங்குபவர் கடையில் நின்று எத்தனை கவனமாகப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க இயலாது. விதை வியாபாரத்துக்குச் சட்டமும் பரிசோதகரும் வேண்டியிருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் விதையினதும் நடுகைப் பொருட்களினதும் தரத்தை ஒழுங்குபடுத்துகிறது. அத்தாட்சிப்படுத்தும் பொறுப்பு, கன்னொறுவையில் தலைமையிடம் கொண்ட விவசாயத் திணைக்களப் பிரிவிடம் உள்ளது.

விலக்குத் தூரம் விட்டபின்னும் வயலில் மாறுபட்ட செடிகள் தலைகாட்டும். உயரம், இலை, பூ, காய் என்று எதிலாவது வர்க்கத்தின் இயல்புக்குப் பொருந்தாத செடியைக் கலவன் என்பர். பூப்பதற்கு முன், பூக்கும்போது, காய்த்தபின் என்று குறைந்தது மூன்று முறை வயலுக்குள் நடந்து கலவன்களைப் பிடுங்குகிறார்கள். இலைச் சுருள் கண்ட செடிகளும், பழத்தில் கருகல் புள்ளி விழுந்த செடிகளும் அப்போதே போகின்றன. அந்தக் கருகலை உண்டாக்கும் பங்கசு விதையோடு தொற்றி அடுத்த தோட்டத்துக்கும் போகக்கூடியது.

பழம் முற்றும் நாள்

பச்சை மிளகாயிலிருந்து எடுத்த விதை முளைப்பது அரிது. விதைக்குள் இருக்கும் முளையமும், அதற்கு உணவாகும் சேமிப்பும் முழுமையடைவது பழம் நன்றாகச் சிவக்கும் சமயத்தில்தான். அந்த நிலையில் விதையின் உலர்நிறை உச்சத்தைத் தொடுகிறது. அதன் உயிர்ப்பும் அப்போது உச்சத்தில் இருக்கிறது. அதற்குப்பின் நடப்பதெல்லாம் தேய்மானம். அறுவடைக்குப் பிந்திய கவனம் முழுவதும் அந்தத் தேய்மானத்தை மெதுவாக்கும் முயற்சியே.

விதை மிளகாய்ப் பயிருக்கு உலர்வலயத்தின் சிறுபோகம் வாய்ப்பானது. பழம் சிவக்கும் நாட்களில் மழை குறைவாக இருப்பதால் பழம் அழுகுவதும் குறைகிறது, விதை உலர்வதும் எளிதாகிறது. பறித்த பழங்களில் புள்ளி விழுந்தவையும் உருமாறியவையும் ஒதுக்கப்படுகின்றன. மீதி அளவான வெயிலில் உலர்த்தப்பட்டு, பிளந்து, விதை உதிர்க்கப்படுகிறது. உறைப்பு கையை எரிக்கும் என்பதால் கையுறை போட்டே இந்த வேலை நடக்கும்.

எல்லாக் காய்க்கும் இதே முறை பொருந்தாது. தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கும் பொருட்கள் அதில் உள்ளன. பிழிந்த சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டால் உறை கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். சப்பியும் சக்கையும் மிதக்கும். கத்தரியை நசுக்கித் தண்ணீரில் கழுவி எடுக்கிறார்கள். பயிற்றை, வெண்டி போன்றவற்றைச் செடியிலேயே முற்றிக் காயவிட்டால் போதும்.

சுளகும் இயந்திரமும்

உதிர்த்த விதையோடு சருகு, காம்புத் துண்டு, மண், களை விதை, சப்பி எல்லாம் சேர்ந்திருக்கும். இவற்றைப் பிரிக்க மூன்று வேறுபாடுகள் பயன்படுகின்றன: பருமன், எடை, வடிவம். வீட்டில் சுளகால் புடைக்கும்போது எடை குறைந்தது முன்னே பறந்து, கனத்தது பின்னே தங்குவது போலத்தான் விதைத் தொழிற்சாலையின் இயந்திரமும் வேலை செய்கிறது. அதற்குள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சல்லடைகள் ஆடுகின்றன. மேல் சல்லடை பெரியவற்றைத் தடுக்கிறது, கீழ்ச் சல்லடை பொடியை உதிர்க்கிறது, ஊதும் காற்று பதரைக் கொண்டுபோகிறது.

இதன்பின் விதை சாய்ந்து அதிரும் ஒரு மேசைக்குப் போகிறது. மேசையின் துளைகள் வழியே கீழிருந்து காற்று வரும். ஒரே பருமன் உள்ள விதைகளிலும் உள்ளே நிறைவானது மேசையோடு ஒட்டி அதன் அதிர்வால் மேற்பக்கம் ஏறும். உள்ளே குறைவானது காற்றில் மிதந்து கீழ்ப்பக்கம் வழியும். இரண்டு விதையும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் எடை அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சுத்தமான விதைக்குச் சில நிறுவனங்கள் பங்கசுநாசினி பூசுகின்றன. கப்டான், திராம் போன்றவை இதற்கு வழக்கமானவை. பூசியது தெரியவேண்டும் என்பதற்காகவே இளஞ்சிவப்பு, நீலம் போன்ற சாயம் சேர்க்கப்படுகிறது. சாயம் ஏறிய விதை மீந்தாலும் அது அடுப்பங்கரைக்கு வரக்கூடாது. குழந்தைகளின் கைக்கும் எட்டக்கூடாது.

நானூறு விதைகளின் பரீட்சை

விதையின் தரத்தை அளக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ஒரு மோசடிக்கு எதிராக உருவானது. 19ஆம் நூற்றாண்டு வியாபாரிகள் சிலர் பழைய விதைக்குச் சாயமேற்றிப் புதிதாக்கினார்கள்; முளைக்காதபடி கொன்ற விதையை நல்ல விதையோடு கலந்தார்கள். இறந்த விதை முளைக்காது என்பதால் கலப்படம் வயலில் வேறு செடியாகத் தலைகாட்டி அகப்படாது. பிரித்தானியா 1869இல் விதையைக் கொல்வதையும் சாயமேற்றுவதையும் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. அதே 1869இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள தாரண்ட் என்ற ஊரில் பிரீட்ரிக் நோப்பே உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். 1924இல் உருவான சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தின் முறைகளையே இன்று பெரும்பாலான நாடுகள் பின்பற்றுகின்றன.

ஒரே வயலில் விளைந்து, ஒன்றாகச் சுத்தமாக்கப்பட்ட விதைக் குவியல் ஒரு தொகுதி எனப்படும். அதற்கு ஓர் இலக்கம் கொடுத்து, பல இடங்களிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். முதலில் சுத்தம்: மாதிரியில் விதை எவ்வளவு, குப்பை எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது. அடுத்து ஈரலிப்பு: விதையில் நீர் எத்தனை சதவீதம் என்று அளப்பது. மூன்றாவது முளைதிறன். சுத்தமான விதையிலிருந்து 400 எண்ணி, நூறு நூறாகப் பிரித்து, ஈரத் தாளில் பரப்பி, வெப்பநிலை கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள். மிளகாய்க்கு 7ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 14ஆம் நாள் இறுதி எண்ணிக்கை. முளை எட்டிப்பார்த்தால் மட்டும் போதாது. வேரும் தண்டும் ஒழுங்காக அமைந்த நாற்றுக்கே மதிப்பெண் கிடைக்கும்.

இங்கும் பயிருக்குப் பயிர் எதிர்பார்ப்பு மாறும். இந்திய நியமங்களின்படி சான்று விதைக்கு வேண்டிய குறைந்தபட்ச முளைதிறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டிக்கு 65, மிளகாய்க்கு 60. நல்ல மிளகாய்த் தொகுதிகள் இதைவிட அதிகமாகவே முளைக்கும். இருந்தாலும் நூறுக்கு நூறு என்பது எந்தப் பயிரிலும் எதிர்பார்க்கப்படுவதில்லை.

ஒரு பைக்கற்றின் கணக்கு

பரீட்சையில் தேறிய விதை அந்த எண்ணோடு எத்தனை காலம் இருக்கும் என்ற கேள்வியில்தான் தொடக்கத்துப் புதிருக்கு விடை இருக்கிறது.

விதை உயிருள்ள பொருள். உலர்ந்த நிலையில் அதன் உயிர்ச்செயல்கள் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன. ஈரம் ஏறினால் அவை மெல்ல மீண்டும் தொடங்கும். சேமிப்பிலுள்ள உணவு சுவாசத்தில் கரைகிறது. உயிரணுக்களின் மென்சவ்விலுள்ள கொழுப்பு ஒட்சிசனோடு சேர்ந்து கெடுகிறது. ஈரம் இன்னும் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கிறது. முளைப்பதற்கு வேண்டிய ஈரம் இல்லை, உறங்குவதற்கு வேண்டிய உலர்வும் இல்லை என்ற இடைநிலையில் விதை வீணாகத் தேய்ந்து இறக்கிறது.

விதை தானாக நீரை இழுத்துக்கொள்ளும்; விடவும் செய்யும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனோடு அது சமநிலைக்கு வரும்வரை இது நடக்கும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதமானால் மிளகாய் விதையின் ஈரலிப்பு ஏறத்தாழ 11 சதவீதத்தில் நிற்கும். ஈரப்பதன் 30 சதவீதமாக இருந்தால் விதையில் 6 சதவீதம்தான். கொழும்பின் கடலோரக் காற்று பகலில் 70 சதவீதத்தை ஒட்டியும், இரவில் அதைவிட நிரம்பக் கூடவும் ஈரம் சுமந்திருக்கிறது. பிரித்துவைத்த பைக்கற்று அந்தக் காற்றோடு சமநிலைக்கு வர அதிக நாள் எடுப்பதில்லை.

இதன் விளைவை மட்டிட, அமெரிக்க விதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹரிங்டன் வகுத்த இரண்டு எளிய விதிகள் உதவும். விதையின் ஈரலிப்பு ஒரு சதவீதம் குறையும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பநிலை ஐந்து பாகை செல்சியசு குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் இரட்டிக்கும். ஈரலிப்பு 5 முதல் 14 சதவீதம் வரையில்தான் முதல் விதி செல்லும். இரண்டும் தோராயமானவை, திட்டமிட உதவும், திகதி குறிக்க உதவா.

இப்போது வெள்ளவத்தைப் பல்கனிக்குரிய பைக்கற்றை எடுத்துக்கொள்ளலாம். பிரித்தபின் விதையின் ஈரலிப்பு 11 சதவீதத்துக்கு ஏறி, 28 பாகை வெப்பத்தில் அது நாலு மாதம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே விதை 10 சதவீதத்தில் இருந்திருந்தால் எட்டு மாதம் தாங்கும். 9 சதவீதத்தில் பதினாறு மாதம், 8இல் முப்பத்திரண்டு, 7இல் அறுபத்துநாலு. பைக்கற்றுக்குள் அடைபட்டபோது இருந்த 6 சதவீதத்திலேயே நின்றிருந்தால் 128 மாதம், அதாவது பத்து ஆண்டுக்கு மேல். விதை ஒன்றே, ஐந்து சதவீத நீர் அதன் ஆயுளை முப்பத்திரண்டில் ஒரு பங்காக்கிவிட்டது.

வெப்பநிலைக்கும் இதே கணக்குத்தான். 28 பாகை அறையிலிருந்து 8 பாகைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினால் இடைவெளி 20 பாகை. நாலு முறை இரட்டித்தால் ஆயுள் பதினாறு மடங்கு. எதிர்த்திசையிலும் கணக்கு அப்படியே ஓடும். கடை வாசலில் வெயில் படும்படி தொங்கும் பைக்கற்றுக்குள் வெப்பம் 38 பாகையைத் தொட்டால், நிழலில் இருந்ததைவிட நாலு மடங்கு வேகமாக விதை மூப்படையும்.

விதை வியாபாரிகள் கைக்கொள்ளும் இன்னொரு சுருக்கு வழியும் ஹரிங்டனுடையதே. வெப்பநிலையைப் பரனைற்றுப் பாகையிலும் ஈரப்பதனைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டினால் விடை 100க்குள் இருக்கவேண்டும். கொழும்பு அறையில் 82 பாகையும் 80 சதவீதமும் சேர்ந்து 162 ஆகின்றன. குளிர்சாதனப் பெட்டிக்குள் 46 பாகை. அங்கே இறுக மூடிய உலர்ந்த போத்தலுக்குள் ஈரப்பதன் 30 என்றால் கூட்டுத்தொகை 76. மீதி விதை முளைக்காததன் காரணம் இந்த இரு எண்களுக்கும் இடையே இருக்கிறது.

தாளிலிருந்து அலுமினியத்துக்கு

விதையைச் சிறு தாள் பையில் அடைத்து வீட்டுத் தோட்டக்காரருக்கு விற்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் பரவலாக்கினார்கள். குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் தாள் பை போதும். தாள் ஈரத்தைத் தடுப்பதில்லை. கொழும்பு போன்ற நகரத்தில் தாள் பைக்குள் இருப்பதும் திறந்த தட்டில் இருப்பதும் ஏறத்தாழ ஒன்றே. பொலித்தீன் தண்ணீரைத் தடுக்கும். நீராவியோ அதன் வழியே மெதுவாகக் கசியும். பிளாஸ்டிக்கோடு ஒட்டிய அலுமினியத் தாளே நீராவியை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கிறது. நல்ல விதை பெரும்பாலும் பளபளக்கும் பைக்கற்றில் வருவதன் காரணம் அதுவே.

அலுமினியப் பைக்கற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே போகும் ஈரம் வெளியே வரவும் முடியாது. ஈரம் மிகுந்த விதையை இறுக அடைத்தால் அது தாள் பையில் இருந்ததைவிட விரைவில் சாகும். அதனால்தான் இந்திய நியமங்கள் மிளகாய், தக்காளி, கத்தரி விதைகளைச் சாதாரணப் பையில் அடைக்க 8 சதவீத ஈரலிப்பு வரை அனுமதித்தாலும், நீராவி புகாத பொதிக்கு 6 சதவீதம் என்று இறுக்குகின்றன. அடைக்கும் அறையில் காற்றின் ஈரத்தை இயந்திரத்தால் அகற்றியே வேலை நடக்கிறது.

உலர்வைக் காக்கும் இந்த அறிவு கிராமங்களில் முன்பே இருந்தது. முற்றிய புடலையையும் பீர்க்கையும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். பயிற்றை விதையோடு சாம்பல் கலந்து மூடிவைத்தார்கள். அடுப்பின் சூடும் சாம்பலும் ஈரத்தை வாங்கிக்கொண்டன, புகை பூச்சியை விரட்டியது. கன்னொறுவையில் 1988இல் ஜப்பானிய உதவியோடு அமைந்த தாவர மரபுவள நிலையம், உள்நாட்டுப் பயிர்களின் விதைகளை உலர்த்தி, அடைத்து, குளிர் அறைகளில் வைத்திருக்கிறது. நோர்வேயின் சுவால்பார்ட்டில் 2008இல் திறந்த உலக விதைக் காப்பகம் பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் இயங்குகிறது. கருவிகள் வேறாயினும் கொள்கை அந்த அடுப்படிக்குரியதே.

பைக்கற்றில் வராத விதைகள்

உலர்த்தினால் ஆயுள் கூடும் என்ற விதி எல்லா விதைக்கும் பொருந்தாது. 1973இல் ஈ. எச். ராபர்ட்ஸ் விதைகளை இரண்டாக வகுத்தார். உலர்வைத் தாங்குபவற்றை உலர்தாங்கு விதை என்றும், உலர்ந்தால் இறப்பவற்றை உலர்தாங்கா விதை என்றும் அழைக்கலாம். மரக்கறி விதைகள் அனேகமாக எல்லாமே முதல் வகை. இஸ்ரேலின் மசாதா கோட்டை அகழ்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான பேரீச்சம் விதை ஒன்று 2005இல் முளைத்தது. பாலைவன உலர்வே அதைக் காத்தது.

பலா, மா, ரம்புட்டான், மங்குஸ்தான், கறிவேப்பிலை ஆகியவை இரண்டாம் வகை. ஈரம் மிகுந்த காடுகளில் தோன்றிய இந்த மரங்களின் விதை, விழுந்தவுடன் முளைக்கப் பழகியது. அதை உலர்த்தி அலுமினியத்தில் அடைத்தால் உள்ளே இருப்பது பிணம். கடைகளில் கறிவேப்பிலை கன்றாகக் கிடைப்பதும் மிளகாய் விதையாகக் கிடைப்பதும் இந்த வேறுபாட்டின் விளைவு.

இறக்குமதி விதையும் கலப்பின விதையும்

கரட், கோவா, பீற்றூட் போன்றவற்றின் விதை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இவை முதல் ஆண்டில் கிழங்கோ இலையோ திரட்டி, நீண்ட குளிர்காலத்தைக் கடந்தபின்னரே பூப்பவை. நுவரெலியாவின் குளிர் காய்கறியாக விளைவிக்கப் போதும். பல வர்க்கங்களைப் பூக்கவைக்கப் போதாது. இறக்குமதியாகும் விதையோடு புதிய நோய் நுழையாமல் தடுப்பதற்கு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும், கட்டுநாயக்கவில் இயங்கும் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையும் உள்ளன.

பைக்கற்றில் ‘எஃப்-1’ என்று இருந்தால் அது கலப்பின விதை. இரண்டு தூய வரிசைகளை ஆண்டுதோறும் திட்டமிட்டுக் கலந்து பெறும் முதல் தலைமுறை அது. மகா இலுப்பள்ளமயில் உருவாகி 2015இல் வெளியான எம்.ஐ.சி.எச். எச்.வை.-1 இலங்கையின் முதல் கலப்பின மிளகாய். இத்தகைய செடிகள் ஒரே சீராக வளர்ந்து அதிகம் காய்க்கும். அவற்றின் பழத்திலிருந்து எடுக்கும் விதை முளைத்தாலும் அடுத்த தலைமுறையில் தாய், தந்தை இயல்புகள் பலவாறாகப் பிரிந்துவிடும்; ஒரு செடி போல இன்னொன்று இராது. எம்.ஐ.-2 போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை வர்க்கத்தில் விலக்குத் தூரம் பேணினால் சொந்தமாக விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

லேபலை வாசிக்கும் முறை

2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்ன நாடு இது. அன்றிலிருந்து கொழும்பின் பல்கனிகளிலும் மொட்டைமாடிகளிலும் சாடி வைப்பது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. விதை வாங்குபவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் பார்ப்பது நல்லது. வர்க்கத்தின் பெயர், தொகுதி இலக்கம், முளைதிறன், சுத்தம், சோதித்த அல்லது பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, நிறை, மருந்து பூசியதா என்ற விவரம் ஆகியவை நம்பகமான பைக்கற்றில் இருக்கும். காலாவதித் திகதி திறக்காத பைக்கற்றுக்கு உரியது. பிரித்த நாளிலிருந்து அந்தத் திகதிக்குப் பொருளில்லை.

முளைதிறன் எண்ணைக் கொண்டு எத்தனை விதை போடுவது என்றும் கணக்கிடலாம். 60 சதவீத விதையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டால் நூறு குழியில் நாற்பது வெறுமையாகும். இரண்டாகப் போட்டால் பதினாறு, மூன்றாகப் போட்டால் ஆறு அல்லது ஏழு. ஒரு கிராம் மிளகாய் விதையில் 150 முதல் 200 விதை இருக்கும். ஐந்து சாடிக்கு ஒரு கிராமே மிக அதிகம். ஆகவே மீதி எப்போதும் இருக்கும். அதைக் காப்பதையும் தோட்ட வேலையில் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

மீதியைப் பைக்கற்றோடு சிறு கண்ணாடிப் போத்தலில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையோ நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியையோ துணியில் முடிந்து உள்ளே வைத்து, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அடுத்த போகத்தில் எடுத்ததும் திறக்கக்கூடாது. குளிர்ந்த விதையின்மேல் அறைக் காற்றின் ஈரம் படியும் என்பதால், போத்தல் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்கவேண்டும். பழைய விதையில் ஐயம் இருந்தால் இருபது விதையை ஈரத் தாளில் சுருட்டி இரண்டு வாரம் பாருங்கள். பன்னிரண்டோ அதற்கு மேலோ முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். ஆறு ஏழுதான் முளைத்தால் குழிக்கு நாலு விதை போடுங்கள். ஒன்றுமே முளைக்காவிட்டால் மண்ணையும் உரத்தையும் குறை சொல்லாமல் புதிய பைக்கற்று வாங்குங்கள்.